ஏழாம் கட்டில் சொன்ன பெயர்

மதியம் மூன்று மணிக்கு ஜெனரேட்டரைச் சோதிப்பார்கள். ஒரு நிமிடம் மின்சாரம் போய் வரும். அதற்காகத்தான் அவள் வார்டுக்கு வந்தாள். மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்றாம் கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் தம்பி உறங்கிக்கொண்டிருந்தான்.

கட்டிலுக்கு ஒரு கருவி. நாடி தவறினால் வார்டின் கண்ணாடிச் சுவருக்கு இப்பால், நர்ஸ் மேசையில் மட்டும் மணி அடிக்கும். கருவி ஒவ்வொரு முறை எழும்போதும், "என் பெயர் என்ன?" என்று நெட்வொர்க்கைக் கேட்கும். கட்டில் எண்தான் பெயர். பெயரைக் கருவியிலேயே எழுதி வைத்திருக்கலாம். மாலை வகுப்புக்கு நேரமாகிறதென்று அவள்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

மின்சாரம் போனது. வந்தது. எங்கிருந்தோ ஈரத்துணி வாடை.

மேசைத் திரையில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு.

பிறகு, ஏழு.

"ஏழா? அந்தக் கட்டிலைத்தான் போன வாரமே தூக்கியாச்சே!" என்றாள் நர்ஸ். "உன் மிஷினுக்கும் உன்னை மாதிரியே மறதியா?"

"சும்மா இருங்கக்கா. நெட்வொர்க் வர்றதுக்கு முன்னாடியே மூணாம் கட்டில் மிஷின் அவசரப்பட்டுக் கேட்டிருக்கும். தப்பான பேரோட நிக்குது."

மேசையிலேயே பதிவைத் திறந்தாள். கேள்வி, 3:02:11. நெட்வொர்க் எழுந்தது, 3:02:19.

பதில், 3:02:12.

செத்த கம்பியில் யார் பதில் சொன்னது?

தன் கண்ணை நம்பாமல் இரண்டாம் முறை பார்த்தாள். மூன்றாம் முறையும்.

அப்போதுதான் உறைத்தது. ஏழாம் கட்டில்காரர் இறந்து, கருவியைக் கழற்றிய பிறகும், அந்தப் பெயரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காரணம் தேடாமல் ஏழின் மணியை ஊமையாக்கியவள் அவளே. இப்போது தம்பியின் கருவிக்கும் அந்த ஊமைப் பெயர்தான்.

ஓடினாள்.

தம்பியின் கருவியில் நேர்கோடு. கை சில்லிட்டிருந்தது.

"மணி அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேனேம்மா..." என்றாள் நர்ஸ்.

ஒரு மாதம் கழித்து, எல்லாக் கருவிகளிலும் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். இனி எதுவும் யாரையும் கேட்காது. மூன்றாம் கட்டிலை எடுத்துவிட்டார்கள். அதன் மணியை ஊமையாக்கச் சொன்னார்கள். ஆக்கினாள்.

அன்று மாலை வகுப்பில் தன் மடிக்கணினியைத் திறந்தாள். மருத்துவமனைக்கு ஒருநாளும் எடுத்துப் போகாதது. வைஃபை அணைந்தே இருந்தது.

ஈரத்துணி வாடை.

திரையில் கணினி தன் பெயரைச் சொன்னது.

மூன்று.