முடியும் தேதி இல்லாத விடுப்புக் கடிதம்

சட்டமன்றம் கூடுவதற்கு மூன்று வாரம் முன்பு எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கருத்துக் கேட்பு நாள் நடக்கும். பெயர்தான் கருத்துக் கேட்பு. கருத்துச் சொல்ல யாரும் வருவதில்லை, பிள்ளைகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 2069 ஜனவரியிலும் அப்படித்தான் காலை ஒன்பதுக்கே வராந்தா பெஞ்சு நிறைந்துவிட்டது. நான் இந்த அலுவலகத்தின் பதிவு அலுவலர். திரையைத் துடைத்துவிட்டு முதல் டோக்கனைக் கூப்பிட்டேன்.

பள்ளிகளில் பெயர் சொல்லி வருகை எடுப்பதை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் இரண்டு ஆண்டு கவனித்து, கணினி அதற்கு ஒரு நிழல் மாணவரை உருவாக்கிவிடும். அதன் பிறகு நிழல் தானே படிக்கும், தானே தேர்வெழுதும். அரசு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வதும் நிழல்தான். எந்தத் திட்டம் பலித்தது, அடுத்த கூட்டத்தொடருக்கு எது முன்னுரிமை என்பதை நிழலேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அசல் பிள்ளையைப் போய்ப் பார்க்கும் வேலை எங்கள் யாருக்கும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் வந்து நிழலைப் பார்த்துக்கொள்ளலாம். நிழலை மூடும் உரிமையும் அவர்களுக்கு மட்டுமே.

ஐந்தாவதாகப் பவதாரணி வந்தார். குறிஞ்சிக்கொல்லை என்ற மலைக் கிராமம். ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் வருபவர், இது ஐந்தாவது முறை.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேம்மா. உக்காருங்க."

திரையில் நறுமுகையைத் திறந்தேன். எட்டாம் வகுப்பு, வருகை நூற்றுக்கு நூறு, கணக்கில் எண்பத்தொன்பது. பவதாரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"கணக்குல போன வருசம் எழுவத்தி நாலுதானே? ஏறியிருக்கா."

"ஆமாம்மா."

நறுமுகை நாலாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டாள். குறிஞ்சிக்கொல்லைப் பள்ளியை மூடி, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளியோடு இணைத்த ஆண்டு அது. ஐப்பசி மழையில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து இறப்புச் சான்றிதழோடு பவதாரணி இங்கே வந்தார். மூடுவதற்காக நான் நிழலைத் திறந்தேன். அங்கே நறுமுகை அரையாண்டுத் தேர்வு எழுதியிருந்தாள். நிழலுக்கு ஏது ஓடை? அது தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மூடிடாதீங்க மேடம். வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டாச்சும் போறேன்" என்று அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சான்றிதழை வாங்கி இழுப்பறையில் போட்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பிறகு தூரம் தாங்காமல் படிப்பை நிறுத்தியவர்களின் பெற்றோரும் ஒவ்வொருவராக வந்து அதையே கேட்டார்கள். என் இழுப்பறையில் இப்போது இருபத்தாறு காகிதங்கள். நான் இரக்கப்பட்டு வாங்கி வைத்தவை.

நேற்றுதான் முன்னுரிமைப் பட்டியலின் வரைவு வந்தது. அதில் மூன்றாவது, மேலும் நானூற்றுப் பன்னிரண்டு மலைப்பள்ளிகளை மூடி இணைப்பது. ஆதாரம் எங்கள் மாவட்டம். இணைத்த பள்ளிகளில் வருகை தொண்ணூற்று மூன்று விழுக்காடு, தொண்ணூறைத் தாண்டினால் ஒப்புதல். என் இழுப்பறையில் கிடக்கும் இருபத்தாறு பேரும் அந்தக் கணக்கில் தினமும் பள்ளிக்கு வந்திருந்தார்கள்.

பவதாரணியிடம் சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுந்தவர் கதவருகே நின்று, "எங்க ஊருக்கு மேல இருக்கற ஊர்லயும் பள்ளிக்கூடத்த மூடப்போறாங்கன்னு பேசிக்கறாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்ப எம் பொண்ணு தெனமும் வந்தான்னு சொல்லித்தான் மூடறாங்களா?"

"அவளும் ஒருத்தி."

"அந்த ஓடைய அவ தாண்டவே இல்லையே மேடம்."

நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நிழலை எப்படி மூடுவது என்று கேட்டார். அதற்குப் பெற்றோர் நிரப்பக்கூடிய படிவம் ஒன்றே ஒன்றுதான் நிழலேட்டில் உண்டு, விடுப்புக் கடிதம். முடியும் தேதி எழுதாமல் விட்டால் நிழல் மூடிக்கொள்ளும், பிள்ளை அன்றிலிருந்து வராதவர் கணக்கில் சேரும். படிவத்தை நகர்த்தி வைத்தேன். அதை என் பக்கமே தள்ளி, என்னையே எழுதச் சொன்னார்.

"எந்தத் தேதியிலேர்ந்து போடட்டும்மா?"

"அந்தத் தேதிதான். ரெண்டாயிரத்து அறுவத்தி நாலு, நவம்பர் பதினொண்ணு."

"காரணம்?"

"ஓடையில தண்ணின்னு எழுதுங்க."

எழுதினேன். எதுவரை என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பத்தாவதுல எவ்ளோ எடுப்பான்னு அந்த மிசினு சொல்லுமா?"

"சொல்லும்மா. பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். அழுத்தினேன். நான்கு ஆண்டு வருகை ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி அழிந்து, நாலாம் வகுப்பு நவம்பர் பத்தில் வந்து நின்றது. எண்பத்தொன்பது போயிற்று, எழுபத்து நாலும் போயிற்று. அவர் சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன். எனக்கு அழ உரிமை உண்டா என்று தெரியவில்லை.

"போதுமா மேடம்? இனி மூட மாட்டாங்கல்ல?"

மாவட்டத்தின் வருகை விழுக்காட்டைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு புள்ளி எட்டு.

"போதாதும்மா. தொண்ணூறுக்குக் கீழ எறங்க இன்னும் பதினஞ்சு பேராச்சும் மூடணும். நானா மூட முடியாது. கேக்கறதுக்கும் எனக்கு வாய் வரல. மூடாம வச்சிருக்கேன்னு அவங்ககிட்ட சொன்னவ நான்தானே."

பவதாரணி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த டோக்கன் சடையன். அவருடைய மகள் ஆறு கிலோமீட்டர் நடக்க முடியாமல் எட்டாவதோடு நின்றவள், இப்போது நூல் ஆலையில் வேலை செய்கிறாள். நிழல் போன மே மாதம் பத்தாவது எழுதியிருந்தது. அவர் கையில் ஒரு ஸ்வீட் டப்பா இருந்தது.

"எம் மவ பாஸாயிருப்பா மேடம், எனக்குத் தெரியும்" என்று வாசலிலிருந்தே சொன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் பவதாரணி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"அண்ணா, உள்ள போறதுக்கு முன்னாடி செத்த இப்படி உக்காருங்க."

சடையன் சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து முதலில் அவரிடம் நீட்டினார்.