ஒரு கிண்ணத்துக்கு ஒன்று

அந்தக் கிண்ணத்தில் இரண்டு புழுக்கள் இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

பருத்திக் காய்ப்புழுக்களை ஆராய்ச்சிக்காக வளர்க்கும் அந்த அறையில் பல வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. கடலை மாவும் ஈஸ்ட்டும் கலந்து காய்ச்சிய கூழின் புளித்த வாசனையும், ஓயாமல் உறுமும் ஏசியும், தட்டுத் தட்டாக அடுக்கிய கிண்ணங்களுக்குள் கேட்டும் கேட்காமலும் ஓடுகிற கொறிப்புச் சத்தமும் அவள் உடம்போடு ஒட்டிப்போனவை. முட்டை பொரிந்து வந்த புழுக்கள் கொஞ்சம் வளர்ந்ததுமே பிரஷ் நுனியால் எடுத்துத் தனித்தனியாக விட்டுவிட வேண்டும். சேர்த்து விட்டால், பக்கத்தில் தீனி மலையாகக் கிடந்தாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். சின்ன மகள் காய்ச்சலில் இறந்துபோன பிறகுதான் அவள் கை இப்படித் தவறி ஒரே கிண்ணத்தில் இரண்டை விட்டுவிடுகிறது.

ஆனால் இந்த இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தன.

“என்னம்மா பாத்துட்டே நிக்கிறீங்க? பிரிச்சு விடுங்க,” என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இதுங்களுக்குச் சொல்லவா வேணும்?”

“பாவம் மேடம், ஒத்துமையா இருக்குதுங்க.”

“இப்ப இருக்கும்,” என்று சிரித்துக்கொண்டே அவர் நகர்ந்தார். அவள் எடுத்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டிலும் அவள் பிரிக்கவில்லை. “அம்மா, பாப்பா வந்துட்டா, என் பக்கத்துலதான் படுக்குறா,” என்று பெரிய மகள் சொன்னபோது முதலில் அடிக்கத்தான் கை ஓங்கினாள். அன்று இரவே போர்வைக்குள் இரண்டு மேடு தெரிந்தது. சின்னவளின் அந்த மெல்லிய குறட்டையும் கேட்டது. பேய் என்று அலறியிருக்க வேண்டியவள், வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! லாரியோடு ஊர் ஊராகச் சுற்றும் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் யாரையாவது கூட்டி வந்து விரட்டிவிடுவானே என்று பயந்தாள்.

அன்றிலிருந்து பெரியவள் இளைத்துக்கொண்டே வந்தாள். போட்டதையெல்லாம் சாப்பிட்டாள், கன்னம் மட்டும் ஒட்டிக்கொண்டே போனது. இன்று காலையில் பள்ளிக்குப் போக எழுந்திருக்கவே முடியவில்லை.

“என்னையும் கூட்டிட்டுப் போம்மா,” என்று புடவையைப் பிடித்தாள். “அவ ரொம்ப இறுக்கிக் கட்டிக்குறாம்மா. சில்லுன்னு இருக்கா.”

“பாப்பா தனியா இருப்பாளேடி. சாயந்திரம் ஓடி வந்துடுறேன்.”

புடவையைப் பிடித்த அந்த விரல்களை அவளேதான் பிரித்து விட்டுவிட்டு வந்தாள்.

வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் அந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு புழு. உப்பிக் கிடந்தது. கூழைத் தொட்டதாகக்கூடத் தெரியவில்லை.

பையை எடுக்கவும் தோன்றாமல் ஓடினாள். பஸ் ஊர்ந்தது. தெரு நீண்டது. இன்னும் இருட்டவில்லை, எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ துணி உதறினார்கள். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மட்டும் சத்தமே இல்லை. இல்லை, இருந்தது. கேட்டும் கேட்காமலும். கொறிப்பு.

இடுப்பில் செருகியிருந்த சாவி நழுவியது. எடுத்தாள். திறந்தாள்.

புளித்த வாசனை.

போர்வை. ஒரு மேடு.

“கண்ணு?”

கொறிப்பு நின்றது. போர்வை விலகியது. சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலுக்கு முன்பிருந்ததைவிடப் புசுபுசுவென்று கன்னம். அக்காவின் சட்டை, அதிலும் தோள் பிதுங்கியது.

“அக்கா எங்கடி?”

சின்னவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

“தூக்கும்மா. இன்னும் பசிக்குது.”

ஓடு என்றது புத்தி. ஆனால் இந்தக் குரலைக் கேட்கத்தானே இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாள்? குனிந்தாள். தூக்கினாள்.

இரண்டு பிள்ளைகளின் கனம் இருந்தது.

சில்லென்ற வாய் அவள் கழுத்தில் பதிந்தது. அவள் அழுதுகொண்டே முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.