நாலாவது காலின் அடியில்

1944, ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். பூந்தமல்லியில் வேம்புலியின் வீட்டுக்கு ஜரினா வந்தபோது அவள் சேலை முழங்கால்வரை சேறாக இருந்தது. ஆவடியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"ஐயா, எங்க ஊட்டுக்காரரு சாதுல்லா. மிலிட்டரி டிப்போவுல கிரேன் லாரி ஓட்டுறாரு. எட்டு நாளைக்கு முன்ன கிரேன் சாஞ்சு கோவிந்தன்னு ஒருத்தரு செத்துட்டாரு. இவரைப் புடிச்சு வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை விசாரணை."

வேம்புலி ரயில்வேயில் முப்பது வருஷம் தண்டவாள மேஸ்திரியாக இருந்தவர். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும், மனிதர்கள் எங்கே பொய் சொல்வார்கள் என்பதும் அவருக்கு ஓரளவு தெரியும். அக்கம்பக்கத்தில் திருட்டு, தகராறு என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"உன் புருஷன் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. 'நான்தான் கொன்னுட்டேன்'னு அழுவுறாரு."

டிப்போ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஆனந்தன் வேம்புலியின் சிநேகிதன். துப்பு என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். அவன்தான் உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கினான்.

கிரேனை அப்புறப்படுத்தியிருந்தார்கள். லாரியின் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் நான்கு கால்களில் மூன்று நின்ற இடம் தெரிந்தது. நாலாவது இருந்த இடத்தில் கலங்கிய நீர் நிறைந்த ஒரு பள்ளம். பக்கத்துப் புல்லில் நான்கு அகலமான ஸ்லீப்பர் கட்டைகள் கிடந்தன.

வேலை மேஸ்திரி சம்பத் கூடவே வந்தான். "காலுக்கு அடியில வெக்க காலையிலேயே கட்டை கொண்டாந்து போட்டேன் அண்ணாத்தே. இவன் சோம்பேறித்தனமா சின்ன இரும்புத் தகட்டை வெச்சான். அன்னிக்குப் போட்ட கட்டை, இன்னும் ஒருத்தரும் தொடல."

"கிரேன் சாயும்போது நீ எங்கே இருந்தே?"

"ஆபீசுல. சத்தம் கேட்டு ஓடியாந்து பாக்கறேன், காலு கெணத்துக்குள்ள போயிகீது."

வேம்புலி தலையாட்டினார். ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு ஒரு கடப்பாரையை வாங்கி மூன்று கால்கள் நின்ற இடங்களிலும் குத்தினார். ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. பள்ளத்தில் குத்தியதும் கடப்பாரை பிடித்த கைவரை போய்விட்டது.

"இன்னா அண்ணே கண்டுபிடிச்சே?" என்று வழியெல்லாம் நச்சரித்தான் ஆனந்தன்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

விசாரணை நடத்திய துரை பொறுமையாகவே கேட்டார். வேம்புலி சொல்லச் சொல்ல குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

"எட்டு நாள் கட்டை கிடந்தால் அடியில் புல் வெளுத்துவிடும். நான் புரட்டிய கட்டைக்கு அடியில் புல் பச்சையாக இருந்தது. விபத்துக்கு அப்புறம்தான் யாரோ கட்டையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சாதுல்லாவுக்குக் கிடைத்தது இரும்புத் தகடு மட்டும்தான்."

சம்பத் எழுந்து நின்றான்.

"இன்னொன்று. அங்கே கண்ணுக்குத் தெரிவது வெறும் பள்ளம். ஆனால் சம்பத் 'கிணறு' என்றான். தூர்த்த கிணறு அங்கே இருந்தது அவனுக்குத் தெரியும். காலை ஊன்றிய சாதுல்லாவுக்குத் தெரியாது. மேலே கெட்டியாக மண் போட்டிருந்தால் யாருக்குமே தெரியாது. கட்டையே வைத்திருந்தாலும் அந்தக் கால் உள்ளே போயிருக்கும்."

சம்பத் உட்கார்ந்துவிட்டான். "எங்க ஊரு கெணறுதான். மூடச் சொன்னாங்க, குப்பையும் மண்ணும் கொட்டி மூடினேன். எடத்த மாத்துங்கன்னு சொன்னா வேலைய தாமசப்படுத்துறான்னு என்னை தொரத்திடுவாங்க. புள்ளகுட்டிக்காரன் சாமி." முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ஆனந்தன் வேம்புலியின் கையைப் பிடித்து அழுத்தினான். வாசலில் நின்ற ஜரினாவுக்கு முகம் மலர்ந்தது.

துரை வெகுநேரம் எழுதினார். பிறகு குமாஸ்தா படித்தார்: "காலை எங்கே ஊன்றுவது, அடியில் எதை வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு கிரேன் ஓட்டுபவருடையது. விதி அப்படித்தான் சொல்கிறது. இரண்டு வருஷம்."

சம்பத்துக்கு எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. சாதுல்லா அந்த அறையில் இல்லை. தீர்ப்பு அவனுக்குத் தெரியப்படுத்தப்பட்டது, காரணம் தெரியப்படுத்தப்படவில்லை. அன்று மாலையே அவனைப் பெல்லாரி ஜெயிலுக்கு ரயிலேற்றினார்கள். ராணுவ விவகாரம் என்பதால் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, கடிதம் மட்டும் போடலாம் என்றார்கள்.

"நீங்க கண்டதெல்லாம் எழுதுங்க ஐயா," என்றாள் ஜரினா. "ஜெயிலு போனாப் போவுது. தான் கொல்லலேன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

வேம்புலி இரண்டு பக்கம் எழுதினார். கட்டை, புல், கிணறு, எதையும் விடவில்லை.

தை மாதம் பதில் வந்தது. ஜரினாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை வேம்புலியிடம் நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனந்தன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஐயாவின் கடிதம் கிடைத்தது. சலாமும் உங்கள் கையெழுத்தும் தவிர எல்லா வரியையும் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். நான் படிக்கக் கூடாத அளவுக்கு என்ன எழுதினீர்கள்? கோவிந்தன் பெண்சாதி அப்படியா என்னைச் சபிக்கிறாள்? சபிக்கட்டும். நான் செய்ததற்கு அது சரிதான்."

"இன்னா எழுதிகீறாரு ஐயா?" என்றாள் ஜரினா.

வேம்புலி கடிதத்தை மடித்தார்.