இஸ்பேட் ராணி இரண்டு

திங்கட்கிழமை மாலை அலுவலகம் விட்டதும் அம்புஜம் வீட்டுக்குப் போகவில்லை. டெல்லி முனிர்காவில் ஆட்டோவை நிறுத்தி இறங்கி, மூன்று மாடி ஏறி, இளவரசியின் வீட்டு மணியை அழுத்தினாள். இளவரசி கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தது அவருடைய கணவர் அருள்ராஜ். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும், "ஏதாவது கேஸா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சீட்டாட்டத்துல ஏமாத்தினேன்னு என்மேல பழி போட்டிருக்கா," என்றாள் அம்புஜம். முப்பத்தோரு வருட அரசாங்க வேலையில் ஒரு மெமோ கூட வாங்காதவள் அவள்.

இளவரசி காபியை அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்கு அந்த ஆட்டம் தெரியாதும்மா. முதல்ல அதைச் சொல்லுங்க."

"ஸ்டட் போக்கர். ஆளுக்கு அஞ்சு சீட்டு. முதல் சீட்டைக் கவிழ்த்துப் போடுவா, அதை அவாவா மட்டும் பார்த்துக்கலாம். மிச்சம் நாலும் ஒண்ணொண்ணா திறந்து விழும், எல்லாரும் பார்க்கலாம். ஒவ்வொரு தடவை விழுந்ததும் பந்தயம். நாங்க பணம் வெக்கறதில்லை, சட்டைப் பொத்தான்தான். ஒருத்தர் பத்து வெச்சா மத்தவாளும் பத்து வெக்கணும். இல்லேன்னா சீட்டைக் கவிழ்த்துட்டு விலகிக்கணும்."

"கடைசியில?"

"ரெண்டு பேர் நின்னா கவிழ்ந்த சீட்டைத் திறந்து காட்டணும். அஞ்சு சீட்டும் வரிசையா அமைஞ்சா ஜோடி ஏஸைக் கூட ஜெயிச்சுடும். மத்த எல்லாரும் விலகிட்டா, நிக்கறவாளுக்குக் குவியல் முழுக்க. அவா எதையும் காட்ட வேண்டியதில்லை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்.கே.புரம் மண்டபத்தில் அவர்களுடைய சீட்டாட்டக் குழுவின் கடைசிப் போட்டி. ஜெயித்தவருக்குச் சண்டிகர் போட்டியில் குழுவின் சார்பில் ஆடும் இடம். எட்டு வருடமாக அது ராமமூர்த்தியின் இடம். கடைசி ஆட்டத்தில் அவரும் அம்புஜமும் மட்டுமே மிஞ்சினார்கள். அவருக்குத் திறந்த சீட்டுகளில் இரண்டு ஏஸ். அம்புஜத்துக்கு எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி. அவள் கையிலிருந்த பொத்தான்கள் அத்தனையையும் நடுவில் தள்ளினாள். ராமமூர்த்தி நெடுநேரம் யோசித்துவிட்டு விலகினார். சீட்டுப் போட்ட ஜம்பு எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் வைத்தார்.

"போகும்போதே ராமமூர்த்தி செயலாளர் வாசுதேவன்கிட்ட ஒரு கடுதாசி குடுத்திருக்கார். இன்னிக்குக் காலையில கட்டை எண்ணிப் பார்த்தா அம்பத்திமூணு சீட்டு. இஸ்பேட் ராணி ரெண்டு." அவள் கைபேசியில் இருந்த கடிதத்தின் படத்தைக் காட்டினாள்.

இளவரசி அதை இரண்டு முறை படித்தார். "உங்க கவிழ்ந்த சீட்டு என்ன?"

அம்புஜம் தயங்கினாள். இதை அவள் தன் மகளிடம் கூடச் சொல்லவில்லை. "ஆர்ட்டின் மூணு. என் கையில ஒண்ணுமே இல்லை. சும்மா துணிஞ்சு வெச்சேன்."

அருள்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். இளவரசி லேசாகப் புன்னகைத்தார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. தேவைப்படாது. என்னங்க, நாளைக்கு அந்த மண்டபத்துல இருக்கிற சீட்டுக்கட்டு எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எண்ணிட்டு வரணும்."

"இப்பவே போறேன்," என்று அருள்ராஜ் செருப்பைத் தேடினார்.

செவ்வாய் மாலை மண்டபத்தில் வாசுதேவன், ஜம்பு, ராமமூர்த்தி மூவரும் காத்திருந்தார்கள். அம்புஜம் யாரையும் பார்க்காமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜம்பு சார்," என்று இளவரசி தொடங்கினார், "அம்புஜம் முன்னாடி இருந்து எத்தனை சீட்டு எடுத்தீங்க?"

"அஞ்சு. நாலு திறந்தது, ஒண்ணு கவிழ்ந்தது."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"போடறவன் வேலையே அதுதானே மேடம்."

"அப்படின்னா கேளுங்க. வெளியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து வெச்சு ஏமாத்தறவங்க, தனக்கு விழுந்த சீட்டை ஒளிச்சாகணும். அப்பதான் கையில அஞ்சு இருக்கும். ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. கட்டுல அம்பத்திரண்டுதான் இருக்கும். இங்கே கூடுதலா ஒண்ணு இருக்கு. அதனால அது ஆட்டத்துல வந்த சீட்டே இல்லை. ஆட்டம் முடிஞ்சப்புறம் பெட்டிக்குள்ளே போட்டது."

"அலமாரியில பழகறதுக்கு வெச்சிருக்கிற கட்டு மூணு இருக்கு," அருள்ராஜால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அதுல ஒண்ணுல இஸ்பேட் ராணி இல்லை. நாலு தடவை எண்ணிட்டேன்."

வாசுதேவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அலமாரி திறந்தேதான் கிடக்கும். யார் வேணா எடுத்திருக்கலாமே."

"எடுத்தவங்க யாருங்கிறது இந்தக் கடுதாசியில இருக்கு." இளவரசி அதை மேஜைமேல் வைத்தார். "'அம்புஜம் இஸ்பேட் ராணியை மறைத்து வைத்து ஆடினார். கட்டை எண்ணிப் பார்க்கவும்.' இதை நீங்க எப்ப வாங்கினீங்க?"

"ஞாயிறு சாயங்காலம்."

"எண்ணினது திங்கள் காலையில. எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி வரிசை சேர ராணியும் வரலாம், ஏழும் வரலாம். ராணியே ஆனாலும் நாலு ராணி இருக்கு. கவிழ்ந்த சீட்டை யாருமே பார்க்கலை. எட்டுச் சீட்டுல இதுதான்னு, எண்ணறதுக்கு முந்தின நாளே ராமமூர்த்தி சாருக்கு எப்படித் தெரிஞ்சது?"

ராமமூர்த்தி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளை நரேன் முதல் தடவையா நான் ஆடறதைப் பார்க்க வந்திருந்தான்," என்றார் கடைசியில். "நான் விலகினதும், 'அச்சா, சலோ பாபா, நான் கிளம்பறேன்'னு எழுந்து போயிட்டான். புத்தி கெட்டுப்போச்சு. எல்லாரும் கிளம்பற கும்பல்ல பெட்டியைத் திறந்து போட்டேன்."

வாசுதேவன் அம்புஜத்தின் பக்கம் திரும்பினார். "மன்னிக்கணும் மேடம். சண்டிகர் இடம் உங்களோடதுதான். ஆமா, அந்தச் சீட்டுதான் என்ன?"

"அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை," என்றார் இளவரசி. "ஆட்டத்தோட சட்டம்."

ராமமூர்த்தியை ஆறு மாதம் விலக்கி வைப்பதென்று முடிவாயிற்று. படிக்கட்டில் அவர் அம்புஜத்தின் முன்னால் கைகூப்பி நின்றார். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அந்த ஏஸ்களைக் கவிழ்க்க அவர் பட்ட பாடு கண்முன் வந்தது.

"நரேன்கிட்ட உண்மையை நீங்களே சொல்லிடுங்கோ," என்றாள். "விலகினது தப்பில்லைன்னு நான் சொல்றேன். அந்த இடத்துல யாரா இருந்தாலும் விலகியிருப்பா."

பிப்ரவரியில் அவள் சண்டிகர் போனாள். மூன்றாவதாக வந்தாள். திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே கடுகு வயல்கள் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தன. டீ விற்றவரை நிறுத்தி ஒன்று வாங்கிக் குடித்தாள். இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இன்னொன்றும் வாங்கினாள்.