ஆறு கட்டில் பொறுப்பு

வார்டில் நோயாளி என்று ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் ஆறு கட்டில்களுக்குப் பக்கத்திலும் கட்டிலுக்கு ஒன்றாக ஆறு டம்ளர் கஞ்சி ஆவி பறக்க வைக்கப்பட்டிருந்தது.

சந்திரவல்லி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ராசிங்காபுரத்துப் பெண். நர்ஸ் படிப்பை முடித்து, போடிமெட்டுக்கு அப்பால் காட்டுக்குள் கிடக்கிற இந்த ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து அன்றைக்கு நாலாவது நாள். எழுபத்தெட்டாம் வருசத்து ஆடி மாதம். மேகம் இறங்கிவிட்டால் காலை பத்து மணிக்கும் அரிக்கேன் விளக்கு வேண்டியிருந்தது. தகரக் கூரையில் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருக்க, சன்னலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச்செடிகள் ஈர இலைகளை ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரோ சேலை உரச நடப்பதுபோல ஓயாமல் ஒரு சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. வார்டுக்குள் பினாயில் வாடை. அதற்கும் அடியில், எத்தனை கழுவினாலும் சிமெண்டுத் தரையை விட்டுப் போகாத இன்னொரு வாடை. புளித்த பாலும் வாந்தியும் கலந்தது.

அவள் சமையல்கட்டுக்குப் போய் ஆயா சுருளியம்மாளிடம் கேட்டாள்.

"ஆயா, யாருக்குக் கஞ்சி? புதுசா யாரும் வந்திருக்காங்களா?"

சுருளியம்மாள் அடுப்பை விட்டுத் தலை நிமிரவில்லை. "அதைக் கேக்காத தாயி. ஒஞ் சோலியைப் பாரு."

திரும்பி வந்தபோது ஆறு டம்ளரும் காலி. பெரிய நர்ஸ் பொன்னுமணி அவற்றைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நல்லாக் குடிச்சிருச்சுக," என்று சிரித்தாள்.

வார்டின் சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கஞ்சியைக் கொட்ட அங்கே ஒரு வாளிகூட இல்லை.

பொன்னுமணிக்கு நாற்பது வயது இருக்கும். தேவாரத்துக்காரி. பதினோரு வருசமாக இந்த ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். எப்போதும் சிரித்த முகம். வந்த அன்றைக்குச் சந்திரவல்லிக்கு அந்தச் சிரிப்புத்தான் தைரியமாக இருந்தது. இரண்டாம் நாள் கவனித்தபோதுதான், அந்தச் சிரிப்பு தனியாக இருக்கும்போதும் இறங்குவதில்லை என்று தெரிந்தது. மூன்றாம் நாள் இன்னொன்று தெரிந்தது. பொன்னுமணி உட்காருவதே இல்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். நின்றுகொண்டே எழுதினாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது. கால்மணிக்கு ஒருதரம் டெட்டால் தண்ணீரில் கையை முக்கித் தேய்த்தாள். விரல் முட்டிகளில் தோல் வெடித்து, தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. அவளுக்கு அது எரிந்ததாகவே தெரியவில்லை.

"அக்கா, ராத்திரி தூங்குனீங்களா?"

"அதுக தூங்கட்டும், சந்திரா. அதுக தூங்குனாத்தான நான் தூங்கணும்."

நடந்த கதையை அன்றைக்குச் சாயங்காலம் சுருளியம்மாள்தான் சொன்னாள். ஆனி மாதக் கடைசியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாந்திபேதி கண்டது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து நாலு நாள் ஜீப்பு ஏறவில்லை. ஆறு கட்டிலிலும் ஆறு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் இருந்ததோ மூன்று சலைன் பாட்டில். யாருக்கு ஏற்றுவது, யாரை விடுவது? பொன்னுமணியால் முடியவில்லை. ஆறு பேருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து ஏற்றினாள். ஆறும் போய்விட்டன.

"அஞ்சாம் நாளு டாக்டர் வந்தாரு. தாய்மாரு அத்தனை பேரும் நிக்கிறாளுக. அத்தனை பேருக்கும் முன்னால, மூணு பேருக்கு முழுசாக் குடுத்திருந்தா மூணாச்சும் பொழைச்சிருக்குமேம்மான்னுட்டாரு. அந்தப் பொன்னுமணிப் புள்ள அழுகலை தாயி. இந்தா, இப்படிச் சிரிக்குதே, அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்."

"யாருமே அவங்களை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

"என்ன கேக்கச் சொல்ற? மறுநா காலையில வார்டைக் கழுவி விட்டுருச்சு. சோலி நடக்குது."

லயத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் தினமும் வேலைக்குப் போகும் வழியில், சாக்கைத் தலைக்கு மேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, ஆறு பேர் வேலிக்கு வெளியே மேகத்துக்குள் வரிசையாக நின்றார்கள். முகம் தெரியாது. மூச்சு மட்டும் புகையாக வரும். சந்திரவல்லி ஒரு நாள் கிட்டே போனாள். ஒச்சம்மாள் என்கிறவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க பிள்ளைகளைப் பங்கு போட்டவ இன்னும் உள்ளதான இருக்கா?"

காறித் துப்பிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை கீழேயிருந்து டாக்டர் வந்தார். எஸ்டேட் சூப்பரண்டு ராஜாராமும் கூட இருந்தார். சந்திரவல்லி இருவரிடமும் சொல்லி முடித்தாள். அக்கா உட்காருவதில்லை, தூங்குவதில்லை, கை வெந்து கிடக்கிறது, செத்த பிள்ளைகளோடு பேசுகிறார்.

ராஜாராம் சிரித்தார். "வேலையில எதுவும் கொறை இருக்காம்மா? வார்டு கண்ணாடி மாதிரி இருக்கு. நேரத்துக்கு நிக்கிறாங்க. சிரிச்ச முகம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதைத்தான் சார் சொல்றேன். அந்தச் சிரிப்பு..."

"வந்து ஒரு வாரம் ஆகலை, பெரியவங்க மேல பிராது," என்றார் டாக்டர். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஜீப்பு கிளம்பிப் போனது. பொன்னுமணி வாசலில் நின்று கை கூப்பினாள். கூப்பிய கையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் படியில் விழுந்தது.

அந்த ஜீப்பில்தான் புதுச் சலைன் பெட்டி வந்திருந்தது.

மறுநாள் காலை வார்டுக்குள் போனபோது ஆறு கட்டிலுக்கும் மேலே ஆறு பாட்டில் தொங்கியது. ரப்பர் குழாய்கள் இறங்கி வந்து, இழுத்துக் கட்டிய விரிப்பின் மேல் முடிந்தன. ஊசிகள் வெறும் துணியில் படுத்திருந்தன. பாட்டில்களுக்குள் குமிழிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. நிதானமாக. நரம்பு கிடைத்த ஊசியில் ஏறுகிற மாதிரி.

சந்திரவல்லி விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மெத்தைக்கு அடியில் கைவிட்டாள். அங்கேயும் காய்ந்திருந்தது. பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

கையை எடுத்தாள். விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது என்பது கையை எடுத்த பிறகுதான் உறைத்தது.

"முழுப் பாட்டில்," என்றாள் பின்னால் பொன்னுமணி. "ஆளுக்கு ஒண்ணு. பிரிக்கலை பாத்தியா?"

இனி யாரிடமும் கேட்பதில்லை என்று சந்திரவல்லி முடிவு செய்தாள். எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிற வீரணனிடம் போய் நின்றாள். "அண்ணே, மதியம் லோடு எறக்கப் போடிக்குப் போறீங்கள்ல? அக்காவைக் கூட்டிட்டுப் போயி தேவாரத்துல அவங்க அண்ணன் வீட்டுல விட்டுருங்க. சூப்பரண்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீரணன் வார்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தான். "வெரசா வரச் சொல்லும்மா. மேகம் கட்டிருச்சுன்னா வளைவு தெரியாது."

பொன்னுமணி மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அதுகளை யாரு பாத்துக்குவா?"

பைத்தியத்தோடு வழக்காடச் சந்திரவல்லிக்கு நேரம் இல்லை. அந்த வெந்த கைகளைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேங்க்கா," என்றாள்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்ப சார்ஜை ஒப்படைச்சிட்டுப் போறேன்."

முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். தலைமாட்டில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொல்லுகிற அதே முறையில்.

"இது சோலை மகன். மூணு வயசு. தண்ணின்னு சொல்ல மாட்டான், மலையாளத்துப் பிள்ளைகளோட வெளையாடி வெள்ளம், வெள்ளம்னுதான் கேப்பான். ஒரேயடியாக் குடுக்காத, வாந்தி எடுத்துருவான். இது ராமர் பேத்தி. காலு சில்லுன்னு போயிரும், தேய்ச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். இது ஒச்சம்மா மக. கண்ணைத் தொறந்துக்கிட்டே கெடப்பா, முழிச்சிருக்கான்னு நெனச்சு நகந்துராத..."

ஆறு பேர். ஆறு பேருக்கும் "சரிக்கா" என்றாள் சந்திரவல்லி. ஆறாவது "சரிக்கா"வுக்குப் பிறகு பொன்னுமணியின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது. அடியில் இருந்தது வயசான ஒரு பெண்ணின் முகம். நடந்து போய் ஜீப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அந்த நிமிசமே தலை சாய்ந்து, வாய் திறந்து, கல்லைப் போட்டதுபோலத் தூங்கிப்போனாள். வீரணன் பயந்துபோய் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தான்.

"நல்லாத் தூங்குது," என்றான். "எத்தனை நாள் தூக்கமோ."

ஜீப்பை மேகம் விழுங்கியது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வளைவு வளைவாக இறங்கிப்போய், அதுவும் நின்றது. சந்திரவல்லிக்கு நெஞ்சு லேசானது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட நினைத்தாள். மணி மூன்று. சுருளியம்மாள் லயத்துக்குப் போயிருந்தாள். பாட்டில்களைக் கழற்றி, விரிப்புகளை உருவி, வார்டைப் பூட்டிவிடலாம் என்று உள்ளே போனாள்.

மேகம் அவளுக்கு முன்பே உள்ளே வந்திருந்தது. முதல் இரண்டு கட்டில்கள் தெரிந்தன, மூன்றாவது பாதி தெரிந்தது, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. சாரல் நின்றுபோய், ஏல இலைகளும் அசைவற்றுப்போய், அந்த நிசப்தத்துக்குள் ஏதோ ஒன்று மெதுவாக, ஈரமாக, இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

என் மூச்சுத்தான், என்று நினைத்தாள். அடக்கிப் பார்த்தாள்.

நிற்கவில்லை.

ஒன்றில்லை. பல மூச்சு. ஒன்று முடியும் முன்னால் இன்னொன்று.

முதல் கட்டிலின் விரிப்பைப் பார்த்தாள். இழுத்துக் கட்டிய விரிப்பு. நடுவில் ஒரு பள்ளம். மூன்று வயசுப் பிள்ளை அளவுக்குப் பள்ளம்.

"வெள்ளம்."

முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. உலர்ந்த குரல்.

கேட்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அக்கா சொன்னது மனசில் ஓடுகிறது, அவ்வளவுதான். திரும்பு. கதவு பக்கத்தில்தான். பத்து அடி.

திரும்பினாள். ஒரு எட்டு வைத்தாள். சேலை மாட்டியது.

கட்டில் ஆணியாக இருக்கும். குனியாமல், பார்க்காமல், கையால் இழுத்தாள். வரவில்லை. ஆணியில் மாட்டிய துணி கிழியும். இது கிழியவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்துப் பிடித்தது.

இடது பக்கமும் இழுபட்டது.

"ஆயா!" குரல் மேகத்துக்குள் நாலடி போய் விழுந்தது. "ஆயா! யாராச்சும்..."

சன்னல் கண்ணாடிக்கு அப்பால், மேகம் விலகிய இடைவெளியில், வேலிப் பக்கம் சாக்குப் போட்ட தலைகள். வேலை விட்டுத் திரும்பிப் போகிறவர்கள். அவள் கூப்பிட்டது கேட்டு ஒருத்தி நின்றாள். சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். எதைப் பார்த்தாளோ, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சாக்கை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள்.

பின்னால் ஒன்று. முந்தானையில் ஒன்று.

"வெள்ளம்."

சந்திரவல்லி குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வெள்ளைச் சேலை உடம்பை விட்டு நாலா பக்கமும் கூடாரம்போல விரிந்து, ஆறு கட்டில்களை நோக்கி விறைப்பாக இழுபட்டு நின்றது. ஆறு இடத்தில் துணி கசங்கிச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு கசங்கலும் ஒரு சின்னக் கை அளவு. இறுகிக்கொண்டே இருந்தது.