காற்று தீரும் வரை பேசலாம்

அந்தக் குரல் முதன்முதலாக அவள் காதில் விழுந்தபோது, அவள் தன் கப்பலை எலும்பும் தோலுமாக ஆக்கியிருந்தாள்.

"கவசத்தையுமா கழட்டறீங்க? விளங்கினாப்லதான்!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கப்பல்துறையில் வேறு யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்...

நிஜத் துறை இல்லை, நிஜக் கப்பலும் இல்லை. கணினியில் ஆடும் விண்வெளி விளையாட்டு. பகலெல்லாம் கண்ணாடிக் கடையின் இருட்டறையில் அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து, "இப்போ தெளிவா தெரியுதா... இப்போ?" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவள், வீடு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்டவெளிக்குப் போய்விடுவாள். அங்கே அவள் பெயர் மின்மினி.

யாருமே போகாத விளிம்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே புதிதாக ஒரு கிரகத்தைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பினால், அந்தக் கிரகத்தின்மேல் அவள் பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். வீடு அப்பா பேரில், வண்டி அக்கா பேரில், கடை முதலாளி பேரில். அவள் பேரில் நூலக அட்டை ஒன்றுதான் இருந்தது. சிரிக்காதீர்கள்... அவளுக்கு அது வலித்தது.

தூரம் போக எடை குறைய வேண்டும். பீரங்கிகளைக் கழற்றினாள், சரக்கறையைக் கழற்றினாள், பக்கத்து இருக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. நட்சத்திர நெருப்பிலிருந்து எரிபொருளை உறிஞ்சும் ஸ்கூப்பில் பெரியதைக் கழற்றி வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் குரல் குறுக்கே வந்தது.

பக்கத்து மேடையில் விளக்கணைந்த கப்பல் ஒன்று நின்றது. நெற்றியில் 'ஆந்தை 2' என்று பெயர்.

"ஒளிஞ்சிருந்து பாக்கறதுதான் வேலையா?"

"இறங்கும்போது சின்னப் பாறை உரசினாலும் கப்பல் சுக்குநூறு. அதான் சொன்னேன்."

"என் கப்பல். கழட்டுவேன், மாட்டுவேன், தலைகீழாகூட ஓட்டுவேன். ஆமா... ரெண்டாவது ஆந்தை நீங்கன்னா ஒண்ணாவது ஆந்தை எங்க? மரத்துலயா?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது... மெல்ல, மிக மெல்ல.

"அவன் வர மாட்டான்."

ஏனோ அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. மைக்கை அணைத்தாள். அவன்மேல் பாதி கோபம், பாதி பயம். அந்தப் படபடப்பில் சடாரென்று கிளம்பிவிட்டாள்.

கூடுதல் டாங்குகள் நிறைய இருந்ததால் பல நாள் ஒன்றும் தெரியவில்லை. விளிம்பில் அவளுக்காகவே காத்திருந்ததுபோல ஒரு கிரகம்... நீலமாக, இரட்டை வளையத்தோடு. கைதட்டிக் குதித்தாள். திரும்பும் வழியில்தான் டாங்க் காலியாகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஸ்கூப்பைத் திறக்கப் போனாள்.

ஸ்கூப் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு அடுப்பு வாங்க மறந்தவளின் கதை!

கடைசிச் சொட்டு எரிபொருள் அவளை ஒரு மங்கிய சிவப்பு நட்சத்திரத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டது. அணையப் போகும் தணல்போல ஒரு வெளிச்சம்; ஸ்கூப் இருந்தாலும் உறிஞ்சுவதற்கு அதில் நெருப்பு போதாது. எந்தச் சத்தமும் இல்லை. அப்போது ரேடார் ஒருமுறை 'டிக்' என்றது.

அருகில் ஒரு கப்பல்.

இங்கேயா... இவ்வளவு தூரத்திலா? விளக்கை அதன்மேல் அடித்தாள். கண்ணாடிக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. நெற்றியில் 'ஆந்தை 1'.

அலறியே விட்டாள். கூடத்திலிருந்து அம்மா, "பேய்கூடவாடி பேசுற?" என்று குரல் கொடுத்தாள்.

உதவி வேண்டி அவள் அலைவரிசையில் கூப்பிட்டபோது, பதில் சொன்னது அதே குரல்தான்.

"ஸ்கூப்பை மாட்டலையா? என்கூட சண்டை போட்ட அவசரத்துலயா?"

"குத்திக்காட்ட வேண்டாம்."

"கப்பலை வெடிக்க வெச்சுட்டு வந்துடுங்க. துறையிலயே மறுபடி பிறக்கலாம்."

"என் கிரகம் போயிடும். மாட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "பக்கத்துல ஒரு கப்பல் நிக்குது. ஆந்தை ஒண்ணு. உள்ள லைட் எரியுது... ஆளைக் காணோம்."

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவள் உள்ளே வந்ததுமே அவன் பேசினான், காத்திருந்தவன்போல.

"அது என் அண்ணன். உங்களை மாதிரியே எடையைக் குறைக்கிறேன்னு ஸ்கூப் இல்லாம போயிட்டான். வந்து எடுடான்னு கூப்பிட்டான். அன்னிக்கு எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம்... கிடக்கட்டும், நாளைக்குப் போலாம்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரியே அவனுக்கு நெஞ்சுவலி... விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான். நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. சிக்கிக்கிட்டவங்களை வெளிய எடுக்கறதுதான் என் பொழப்பு."

'மரத்துலயா?' என்று கேட்ட தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம்போல அவளுக்கு இருந்தது.

"அப்புறம் ஒரு தடவைகூட இங்க வரலையா?"

"துறையில நின்னு, கிளம்பறவங்களை எல்லாம் நச்சரிக்கத்தான் தெரியும். அங்க வர பயம்."

"வாங்க," என்றாள். "எனக்காக வர வேணாம். ஆனா வாங்க."

அவன் கிளம்பினான். ஆனால் வழி நீளம், பல நாள் பயணம். இடையில் ஒரு சிக்கல். அந்த விளையாட்டில் எரிபொருள் தீர்ந்த கப்பல், ஓட்டுபவர் வெளியே இருக்கும்போது அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே வந்தால்தான் காற்று குறையும். அவளிடம் மிஞ்சியிருந்ததோ கொஞ்சம். காற்று தீர்ந்தால் அவள் சாவாள், கிரகமும் போகும்.

ஆனாலும் தினமும் வந்தாள்.

"ஏன் வர்றீங்க? காத்து தீருது!"

"சும்மா... இருக்கீங்களான்னு பாக்க."

"இருக்கேன். போங்க."

"இன்னிக்கு கடைக்கு ஒரு தாத்தா வந்தாரு. கண்ணாடி நெத்தியில இருக்கு, தொலைஞ்சிடுச்சுன்னு அழுகறாரு."

அவன் சிரிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் அணைப்பாள். போன் நம்பரைக் கேட்டிருந்தால் காற்றே செலவாகாதே என்பீர்கள். யார் முதலில் கேட்பது? அவளுக்கு ரோஷம், அவனுக்குக் கூச்சம். உயிர்க்காற்றைச் செலவழிக்கலாம், கௌரவத்தை மட்டும் செலவழிக்கக் கூடாது!

ஒன்றை மட்டும் அவனிடம் அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அந்தக் காலிக் கப்பலின் மூக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஈர்ப்பு விசையாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஈர்ப்பு விசை என்றால் நட்சத்திரத்தின் பக்கம்தானே திரும்ப வேண்டும்? அது அவன் வரும் திசையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல மழை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் திரையில் ஊர்ந்தது. காற்று இன்னும் சில நிமிடத்துக்குத்தான் என்று எச்சரிக்கை சிவந்தபோது, தூரத்தில் ஒரு புள்ளி பிறந்தது.

"மின்மினி..."

முதல்முறையாக அவள் பெயரைச் சொன்னான். அவளுக்கு உடம்பெல்லாம் பூத்தது.

குழாய் நீண்டு வந்து அவள் கப்பலோடு கோத்துக்கொண்டது. காற்றுமானி ஏறியது, டாங்க் நிரம்பியது. அவன் ஒன்றும் பேசாமல் அண்ணனின் கப்பலைப் பார்த்தபடி நின்றான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தொட்டு ஆறுதல் சொல்ல முடியாத தூரத்தை அன்றுதான் அவள் வெறுத்தாள்.

"கிளம்புங்க," என்றான். "வீடு வரைக்கும் தாங்கும்."

"நீங்க?"

"கொஞ்ச நேரம் அவன்கூட இருந்துட்டு வர்றேன்."

அவன் டாங்க் அளவைப் பார்த்தாள். பூஜ்ஜியம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அவளுக்கே ஊற்றியிருந்தான்.

"வர்றேன்னா எப்படி வருவீங்க?"

"இங்க நல்லா இருக்கு... சத்தமே இல்ல." அவன் குரல் அதற்குள்ளேயே எங்கோ தள்ளிப் போயிருந்தது. "பாருங்க, அவன் லைட்டைப் போட்டு வெச்சிருக்கான். நானும் போட்டு வெச்சுட்டு எழுந்து போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன். யாரையும் நச்சரிக்க மாட்டேன்."

இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பல்புகள். ஒன்றில் ஆள் இல்லை. இன்னொன்றிலும் இன்னும் சற்று நேரத்தில் இருக்கப் போவதில்லை. அவனுடைய வேறெந்த விலாசமும் அவளிடம் இல்லை. இப்போது விட்டால் இந்தக் குரலை இனி எங்கே போய்த் தேடுவாள்?

புறப்படும் பொத்தானின் மேல் அவள் விரல் இருந்தது. அழுத்தினால் போதும், நீலக் கிரகம் அவள் பேருக்கு வந்துவிடும்.

விரலை எடுத்தாள்.

"பாதியைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"பைத்தியமா? பாதியை வெச்சுக்கிட்டு அடுத்த பெரிய நட்சத்திரம் வரைக்கும்தான் போக முடியும்."

"உங்ககிட்ட ஸ்கூப் இருக்கு. அங்க உறிஞ்சுங்க, எனக்குக் கொடுங்க."

"அப்புறம்?"

"அதுக்கடுத்த நட்சத்திரம்."

"வழியில ஒரு இடத்துல தப்பினாலும் ரெண்டு பேரும் காலி. உங்க கிரகமும் போச்சு."

"தெரியும்."

"வீடு வரைக்கும் என்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் வரணும்... உங்களால முடியாது."

"முடியும்." அவள் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். "ஒவ்வொரு நட்சத்திரத்துலயும் கேக்கறேன். கொடுங்கன்னு வாய்விட்டுக் கேக்கறேன். துறைக்குப் போய்ச் சேர்ந்தப்புறமும் கேப்பேன்... உங்க நம்பரைக் கேப்பேன், சாப்டீங்களான்னு கேப்பேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. காத்து குறையக் குறைய வந்து பேசினேனே, வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

மழை மட்டும் கேட்டது. அது அவள் ஜன்னலின் மழையா, அவன் பக்கத்து மழையா என்று தெரியவில்லை.

"நானும்தான்," என்றான் கடைசியில். "அதைச் சொல்ல பயந்துதான் இங்கயே நின்னுடலாம்னு பாத்தேன்."

குழாய் மறுபடி கோத்தது. இந்தமுறை எரிபொருள் அவளிடமிருந்து அவனுக்குப் போனது. அவன் எஞ்சின் இருமி, உறுமி, உயிர் பிடித்தது.

"வர்றேன்டா அண்ணா," என்று காலிக் கப்பலிடம் சொன்னான். அப்புறம், இன்னும் ஈரம் காயாத குரலில், அவளிடம்:

"போலாமா?"