பதினான்காம் அறையின் பார்வை நேரம்

வெப்சைட்டில் கணவரின் படத்துக்குக் கீழே அறை எண் பதினான்கு என்று இருந்தது. பார்வையாளர்களைச் சந்திக்கும் நேரம், மாலை நான்கு முதல் ஐந்து வரை.

அவள் பல்கலைக்கழக நிலவியல் துறையின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எழுத்தர். கணவர் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், கல் வெட்டும் கூடத்தில் டெக்னீஷியன். பாறைத் துண்டுகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இழைத்து ஆராய்ச்சி மாணவர்களிடம் கொடுப்பவர். அவருக்குத் தனி அறையே கிடையாது. அவரைத் தேடிப் போகும் பார்வையாளர் என்றால், மதியம் சாப்பாட்டு டப்பாவோடு படியிறங்கும் இவள் ஒருத்திதான்.

துறையின் புதிய வெப்சைட் அன்று, திங்கட்கிழமை, காலைதான் திறக்கப்பட்டிருந்தது. பழையதில் எதைத் தொட்டாலும் பக்கம் கிடைக்கவில்லை என்றே வரும். புதியது கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. ஒவ்வொருவரின் படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி. ஆள் அறையில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல். கட்டடத்தின் வரைபடம்கூட உண்டு. பெயரைத் தொட்டால் போகவேண்டிய வழியை நீலக் கோடு காட்டும். நாற்பத்தொரு பேருக்கான பக்கங்களை மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்தவள் அவள்தான். தவறும் தன்னுடையதாகத்தான் இருக்கும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு அந்தப் புள்ளி பச்சையானது. அதற்குக் கீழே ஒரு வரி முளைத்தது. முன்பதிவு: நிரம்பியது.

இரவு சாப்பிடும்போது கணவர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் இடது காது எங்கே?"

"வெப்சைட் சதுரமாத்தான் படம் கேக்குது. உங்க தலை அகலம். நான் என்ன பண்றது?"

"காது கேக்காத புருஷன்தான் நல்ல புருஷன்னு முடிவு பண்ணிட்டே."

அவள் தங்கையின் கல்யாணத்தில் எடுத்த படம் அது. நீலக் கோடு போட்ட சட்டையில், இடது கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் படத்திலிருந்து தன்னை வெட்டி நீக்கியபோது அந்தக் கையும் காதும் தன்னோடு போய்விட்டன. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டாள்.

"நாலு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"கீழேதான். கல் வெட்டிட்டிருந்தேன்."

துவைக்கப் போடும்போது அவர் சட்டைக் காலரில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பதினோரு வருடமாக அவர் சட்டைகளைத் துவைப்பவள் அவள். கல் தூள் சாம்பல் நிறமாக, விரலில் நறநறவென்று இருக்கும். இது மாவு போல வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். பழைய முகப்பவுடரின் வாசனை. டப்பாவுக்குள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்த பவுடர்.

அன்று அவள் தூங்கவில்லை. எந்தப் பெண், எத்தனை நாளாக என்று கேள்விகள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் நாலு பத்துக்கு ஏதோ ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே போனாள். கூடத்தில் யாரும் இல்லை. வெட்டும் இயந்திரத்தின் தட்டில் தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்தது. மேசைமேல் அவர் கண்ணாடி. பக்கத்தில் ஆடை படிந்த டீ. போன் செய்தாள், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. வெப்சைட்டில் புள்ளி மட்டும் பச்சையாக இருந்தது.

ஐந்து மணிக்கு அவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். காலரில் வெள்ளை.

"எங்கே போயிருந்தீங்க?"

"எங்கேயும் போகலையே. டீ குடிக்க உக்காந்தேன். நிமிர்ந்து பார்த்தா அஞ்சு மணி."

பொய் சொன்னால் அவர் பின்கழுத்தைச் சொறிவார். அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது. அவர் கைகள் இரண்டும் அசையாமல் தொங்கின. பொய்யாக இருந்திருக்கக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"முன்பதிவு யார் பண்ணாங்கன்னு பார்க்க முடியுமாங்க?"

"எந்த முன்பதிவு? அதெல்லாம் அடுத்த வருஷம்தாங்க வரும்."

"அப்போ அந்தப் பச்சைப் புள்ளி?"

"அது சும்மா அழகுக்கு. இன்னும் எதோடயும் இணைக்கவே இல்லை. எல்லாருக்கும் சாம்பல்தான் காட்டும்." சிரித்தாள். "ஏங்க, உங்களுக்கு மட்டும் பச்சையாத் தெரியுதா?"

வியாழக்கிழமை மதியத்திலிருந்து மழை. விடுமுறைக் காலம் என்பதால் ஆசிரியர்கள் யாரும் வரவில்லை. மேல் தளம் முழுக்க அவள் ஒருத்தி. ஜன்னலில் வழியும் தண்ணீரின் நிழல் கோப்புகளின் முதுகில் நெளிந்து இறங்க, குழல்விளக்கு ஒரே சுருதியில் முனக, ஈரத்தில் ஊறிய பழைய காகிதத்தின் வாடை மூக்கை அடைக்க, கணவரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. தெரிந்த நடை. வலது காலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பார். அலுவலகத்தைத் தாண்டிப் போனது. எங்கோ நின்றது.

புள்ளி பச்சையானது.

அவள் போனில் வரைபடத்தைத் திறந்து நீலக் கோட்டின்மேல் நடந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. அதற்குப் பிறகு சுவர்.

சுவர்தான் இருக்கும் என்று அவளுக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறையைச் சுவர் எழுப்பி மூடும் உத்தரவை டைப் அடித்தவள் அவள். கூரை ஒழுகி இற்றுப்போன அறை. அதில் இருந்த பேராசிரியைதான் டைம்டேபிள் மேடம். நேரம் தவறாதவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். நான்கு அடித்ததும் கதவைச் சாத்துவார். அந்த ஒரு மணி நேரத்துக்கான பட்டியலில் பெயர் இருப்பவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். ஐந்துக்கு முன் யாரும் வெளியே வர முடியாது. செருப்பை வெளியே ஜோடியாக விடவேண்டும். முகத்தில் எப்போதும் வெள்ளை வெளேரென்று பவுடர். ஒரு நாள் நான்கு மணிக்கு உட்கார்ந்தவர் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை.

சுவருக்கு முன்னால் கணவரின் செருப்புகள் இருந்தன. ஜோடியாக. விரல் பக்கம் சுவரைப் பார்த்தபடி.

அவள் சுவரில் காதை வைத்தாள். ஈரம். சில்லிப்பு. பவுடர் வாசனை.

உள்ளே அவர் இருமினார்.

எப்படி ஓடிவந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலியில் விழுந்து, கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்து, கணவரின் பக்கத்தைத் திருத்தும் திரைக்குப் போனாள். மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி. இந்தப் பக்கம் எதன் நகல் என்பது. டைம்டேபிள் மேடத்தின் பெயர் இருந்தது.

நினைவு வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். புதுக் கடிதத்தை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழையதை நகலெடுத்துப் பெயரை மாற்றுவார்கள். ஒருமுறை நூலகரின் பிரிவுபசார அழைப்பிதழில் போன வருடம் ஓய்வு பெற்றவரின் பெயரே அச்சாகி, இரண்டு பேரும் மாலைக்குக் கழுத்தை நீட்டிய கூத்து நடந்திருக்கிறது. மேடத்தின் பழைய பக்கம்தான் இருந்ததிலேயே ஒழுங்கானது. அதை நகலெடுத்தாள். பெயரை மாற்றினாள். படத்தை மாற்றினாள். அறையையும் நேரத்தையும் மறந்தாள். தன் கையாலேயே அவரை அந்தப் பட்டியலில் ஏற்றியிருக்கிறாள்.

பதினான்கை அழித்தாள். அவர் எங்கே இருக்கவேண்டும்? யோசிக்க நேரமில்லை. தன் பக்கத்தில். இங்கே. அலுவலகம் என்று அடித்தாள். நேரத்தை அழித்து, எப்போதும் என்று போட்டாள். சேமித்தாள்.

புள்ளி சாம்பலானது. ஒரு மூச்சு. மறுபடி பச்சை.

"ஏம்மா."

வாசலில் கணவர். அலுவலகத்துக்கு மார்பளவு உயரத்தில் ஒரு பாதிக்கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம், நிலையில் ஒண்டியபடி சிரித்துக்கொண்டு நின்றார். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எத்தனை சந்தேகப்பட்டுவிட்டோம் இந்த மனுஷனை.

"வந்துட்டீங்களா."

"வந்துட்டேன்."

நடந்து வந்த சத்தம் கேட்கவில்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு ஓர் இம்மிகூட நகர்ந்திருக்கவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை. காலையில் அவர் உடுத்தி வந்தது பழுப்புச் சட்டை. அவளே தேய்த்துக் கொடுத்தது.

போன் அடித்தது. திரையில் கணவரின் எண்.

எடுத்தாள். காதில் வைத்தாள். வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா." அவர் குரல். மூச்சு இரைத்தது. "இங்கே ஒரு கதவு இருந்துச்சு. இப்போ காணோம். என் பேர் பட்டியல்லயே இல்லையாம். பேர் இல்லாதவங்களுக்கு அஞ்சு மணி வராதுன்னு மேடம் சொல்றாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏம்மா, கேக்குதா?"

வாசலில் நின்றது நிலையை விட்டு விலகி உள்ளே வந்தது. பாதிக்கதவு திறக்கவில்லை. முகத்தின் இடது ஓரம், காது இருக்கவேண்டிய இடத்தில், அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் நேராக முடிந்தது. தோளும் அதே கோட்டில் முடிந்தது. சட்டையின் இரண்டாவது பட்டனுக்குக் கீழே ஒன்றுமில்லை. சாத்தியிருந்த பாதிக்கதவும், அதற்கு மேல் தாழ்வாரமும் மழையும் தெரிந்தன.

"வந்துட்டேன்" என்றது அது, உதடு அசையாமல். கை வெட்டுப்பட்ட பக்கத்தை அவள் தோளோடு ஒட்டிக்கொள்ளும்படி மெல்லத் திருப்பிக்கொண்டு அருகே வந்தது.